தலைவர் வீட்டுக் கூஜா

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். சேலைகளை ஒதுக்கிவிட்டு, துண்டில் சுற்றி வைத்திருந்த கூஜாவை எடுத்து மேசைமேல் நிறுத்தினார். பழைய பித்தளைக் கூஜா. திருகு மூடியைத் திறந்து உள்ளே விரல்விட்டுத் தடவினார். பிறகு மோந்து பார்த்தார்.

“இன்னாம்மா இது? எல்லாரும் இங்கேர்ந்து அங்க எடுத்துனு போவாங்க. நீங்க அங்கேர்ந்து இங்க எடுத்தாந்துகீறீங்க?”

“அப்பாவோடது சார். இங்க ஒருத்தர்கிட்ட குடுக்கணும்.”

பாதிப் பொய். கூஜா அப்பாவுடையது அல்ல. அதைச் சொல்வதற்காகத்தான் மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்திருந்தேன். எனக்கு முப்பத்தெட்டு வயது. அரசு மருத்துவமனையில் நோயாளிகளின் கோப்புகளை எழுதி அடுக்கி வைக்கும் வேலை. பொய் சொல்லும் தேவை எனக்கு அதிகம் வந்ததில்லை. கழுத்து வேர்த்தது. அதிகாரி கூஜாவைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. “போங்க” என்றார்.

விஷயம் இதுதான். அப்பா பிறந்தது பூந்தமல்லிக்குப் பக்கத்தில் நூம்பலில். இளவயதில் அந்த ஊரில் இருந்த ஒரு தேசியத் தலைவரின் தோட்ட வீட்டில் வேலைக்கு இருந்தார். தலைவரின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் இது அவரைப் பற்றிய கட்டுரையாகிவிடும். தலைவர் ரயிலில் போகும்போதெல்லாம் குடிதண்ணீர்க் கூஜாவோடு கூடப் போவது அப்பாவின் வேலை. “கூஜா தூக்கின்னு ஆளைத் திட்டுவாங்க இல்லே, நான் நிஜமாவே கூஜா தூக்கினவன்” என்று அவர் சிரித்துச் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கூஜா எங்கள் வீட்டு அலமாரிக்கு எப்படி வந்தது என்பதை மட்டும் அவர் சொன்னதில்லை. தலைவர் கொடுத்த பரிசு என்றே நினைத்திருந்தோம்.

அவருக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை என்று முடிவானபோது, என்னை மட்டும் கூப்பிட்டுச் சொன்னார். யுத்தம் முடிந்த மறு வருஷம் மலாயாவுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. தலைவர் வெளியூரில் இருந்தார். கப்பலில் நல்ல தண்ணீர் கிடைக்காது என்று யாரோ சொல்ல, கூஜாவில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். போய்ச் சேர்ந்ததும் யார் மூலமாவது திருப்பி அனுப்பிவிடலாம் என்று எண்ணம். நான்கு மாதம் கழித்துத் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. கூஜாவைத் திருடியதாகச் சொல்லி சூசையை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்களாம். சூசை அதே வீட்டில் துணி துவைக்கவும் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சவும் இருந்தவர். அப்பாவும் அவரும் ஒரே பாயில் படுத்தவர்கள். அப்பா அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. நாற்பத்தாறு வருஷம் போய்விட்டது.

“அந்த வீட்டை மியூசியம் ஆக்கிட்டாங்களாம். இது அங்க போயிடணும்மா” என்றார். “சூசை உயிரோட இருந்தா அவன் காதுல விழணும். அவன் என்ன சொன்னான்னு செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடி எனக்குத் தெரியணும். உன் அண்ணன்களுக்குத் தெரிய வேணாம்.”

செவ்வாய்க்கிழமைதான் அறுவைச் சிகிச்சை. நான் சென்னையில் இறங்கியது புதன்கிழமை.

தங்கியது ஆவடி சேக்காட்டில், சித்தப்பா மகன் குமார் வீட்டில். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் கடைசல் வேலை அவனுக்கு. விமான நிலையத்திலிருந்து வந்த வழியெல்லாம் ஆட்டோவின் சத்தத்தையும் மீறிப் பேசிக்கொண்டே வந்தான். ஈப்போவில் எந்தத் தெருவிலிருந்து பார்த்தாலும் சுண்ணாம்பு மலை தெரியும். இங்கே கண்ணுக்கு எட்டியவரை தட்டை. மலைக்குப் பதில் தண்ணீர்த் தொட்டிகளும் தொழிற்சாலைச் சுவர்களும்.

“தலைவர் வீட்டைப் பாக்கணும் குமார்” என்றேன்.

“அதைப் பாக்கவா ஏரோப்ளேன் ஏறி வந்தேக்கா? இங்கியே கீறேன், நானே பாத்ததில்ல.”

அவன் மனைவி கலா வடைகறியும் இட்லியும் வைத்தாள். எங்கள் ஊரிலும் இட்லி உண்டு. ஆனால் வடைகறி என்ற பொருளை நான் அதுவரை கண்டதில்லை. அந்த நேரத்துக் கவலையிலும் நான்காவது இட்லி கேட்டு வாங்கினேன் என்பதை மறைக்கக் கூடாது.

மறுநாள் காலை, ஆவடியில் பூந்தமல்லி பஸ். ஈப்போவில் பஸ்ஸில் நிற்க நேர்ந்தாலே அலுத்துக்கொள்கிறவர்கள் நாங்கள். இங்கே படியில் நிற்கவே போட்டி. பின்வாசல் வழியாக எப்படியோ உள்ளே போய்விட்டேன். கூஜாவைத் துணிப்பையில் போட்டு மார்போடு அணைத்திருந்தேன். உட்கார்ந்திருந்த ஒரு பெண் கையை நீட்டி, “குடு, வெச்சிக்கிறேன்” என்றாள். எனக்குப் புரியவில்லை. மறுபடி, “பையக் குடுங்க, இட்ச்சிகினே நிக்கிறீங்க” என்று பிடுங்காத குறையாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நிற்பவர் பையை உட்கார்ந்தவர் வைத்துக்கொள்வது இந்த ஊர் வழக்கம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பருத்திப்பட்டு ஏரியருகே இன்னும் ஒரு கூட்டம் ஏறியது. என்னை முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் முதுகுகள்தான் தெரிந்தன. சென்னீர்க்குப்பத்தில் பஸ் நின்று கிளம்பியபோது, அந்தப் பெண் கீழே இறங்கிச் சாலையோரம் நடந்து போவதை ஜன்னல் வழியே பார்த்தேன். கையில் பை இல்லை.

“என் பை! என் பை!” என்று கத்தினேன். அப்பா நாற்பத்தாறு வருஷம் காப்பாற்றி வைத்ததை நான் ஒரு நாளில் தொலைத்துவிட்டேன். கண்டக்டர் விசில் ஊதினார். “இன்னா பை? இன்னா கலரு?” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நடுவிலிருந்து ஒரு குரல், “கனமா ஒரு பையா? நான் அந்தத் தாத்தா கையில குடுத்தேன்” என்றது. இன்னொரு குரல், “தாத்தா எறங்கிட்டாரு, இந்தம்மா வெச்சிகீது” என்றது. மூன்று மடி மாறி, பை கடைசியில் டிரைவருக்குப் பின்னால் ஒரு பூக்காரியிடம் இருந்தது. பூக்கூடையை என் கூஜாவின்மேல் வைத்திருந்தாள். “உன்துதானா? உள்ள இன்னா கல்லா?” என்று கேட்டுக்கொண்டே கொடுத்தாள். பூந்தமல்லியில் இறங்கும்வரை பையை மார்பிலிருந்து எடுக்கவில்லை.

அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் வேலப்பன்சாவடி. இறங்கி உள்ளே நடந்தால் நூம்பல். ஒரு பக்கம் நெல் வயல், மறு பக்கம் மனைபிரித்து நட்ட கற்கள். அருங்காட்சியகம் பூட்டியிருந்தது. காப்பாளர் கூட்டம் ஒன்றுக்காக நகரத்துக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்று எதிர்க்கடைக்காரர் சொன்னார். கம்பிக் கதவு வழியே பார்த்தேன். ஓட்டு வீடு, அகன்ற தாழ்வாரம், அப்பா சொன்ன அதே கிணறு. திங்கள்கிழமை விமானத்துக்கு முன்னால் இருந்த நான்கு நாட்களில் ஒரு நாள் வீணாகிவிட்டது. திரும்பும்போது யார் கேட்டும் பையைத் தரவில்லை.

வெள்ளிக்கிழமை கதவு திறந்திருந்தது. காப்பாளர் பெயர் தயாளன். ஐம்பது வயது, அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. வீடு காட்சிக்கு வந்த நாளிலிருந்து அங்கே இருக்கிறாராம். அன்று வந்த ஒரே ஆள் நான். பையை மேசையில் வைக்கச் சொன்னார். மாட்டேன் என்று கையிலேயே வைத்திருந்தேன். வற்புறுத்தவில்லை.

ஒவ்வோர் அறையாகக் காட்டினார். தலைவரின் கட்டில், என் தோள் அகலம்தான் இருக்கும். சட்டப் புத்தகங்கள், குடை, செருப்பு, சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள். சாய்வு நாற்காலியின் கைப்பிடி தேய்ந்து வெளுத்திருந்தது. என் அப்பா இந்த நாற்காலியைத் துடைத்திருப்பார் என்று நினைத்தபோது, பெருமையாக உணரவேண்டியவள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். எப்போது பையைத் திறப்பது, எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்பதே மனதில் ஓடியது.

கூடத்தின் மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு பித்தளைக் கூஜா.

என் பையில் இருப்பதைவிடச் சற்றுச் சின்னது. கீழே தட்டச்சு செய்த அட்டை: “தலைவரின் இரண்டாம் கூஜா. முதற்கூஜாவைத் திருடிய பணியாளர் சூசை, குற்றத்தை ஒப்புக்கொண்டு வாங்கித் தந்தது. தலைவர் அவரை மன்னித்து மீண்டும் பணியில் அமர்த்தினார்.”

தயாளன் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். இந்த இடம் அவருக்குப் பிடித்தமானது என்று தெரிந்தது. “இது ரொம்ப முக்கியமான பொருள்மா. ஸ்கூல் பசங்க வந்தா இங்கதான் நெறைய நேரம் நிக்க வெப்பேன். திருடினவனையே திரும்ப ஊட்டுக்குள்ள சேத்துக்கறதுன்னா எவ்ளோ பெரிய மனசு! தலைவரே மேடைல இந்தக் கதையச் சொல்லுவாராம்.”

“அந்தச் சூசை?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் எந்தக் காலத்து ஆளு. போய்ச் சேந்துருப்பாரு.”

பையைத் திறக்கவில்லை. தலை சுற்றுகிறது என்று சொல்லிக் கிணற்றடியில் உட்கார்ந்தேன். தயாளன் ஒரு லோட்டாவில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சூசையை அனுப்பினார்கள் என்பதுவரைதான் அப்பாவுக்குத் தெரியும். சூசை தான் செய்யாத திருட்டை ஒப்புக்கொண்டதும், அது அட்டையில் ஏறிக் கண்ணாடிக்குள் இருப்பதும், பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று அதைப் படிப்பதும் அப்பாவுக்குத் தெரியாது.

சேக்காட்டுக்குத் திரும்பியதும் கலாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், தலைவர் வீட்டில் வேலை பார்த்த சூசை என்று யாரையாவது தெரியுமா என்று.

“ஸ்டவ் சூசையா? முத்தாபுதுப்பேட்டைல கீறாரு. நம்ம ஸ்டவ்வ அவர்தான் ரிப்பேர் பண்ணிக் குடுத்தாரு. தலைவர் ஊட்ல வேல செஞ்சவர்னு சொல்லுவாங்க.” சற்று யோசித்து, “ஏதோ திருட்டுக் கேசுன்னும் சொல்லுவாங்க” என்றாள்.

அன்று மாலை வேறு வழியில்லாமல் குமாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் மாறியது.

“குடுத்துட்டுப் பேசாம போய்டுக்கா. பெரியப்பா பேரு வந்தா எங்கப்பா பேரும்தானே வரும்? எங்கப்பாதானே அந்த லெட்டரு எழுதுனாரு? தெரிஞ்சும் சும்மா இருந்தாருன்னு ஆவாதா? நூம்பல்ல எங்களுக்கு இன்னும் நெலம் கீது. நீ ஏரோப்ளேன் ஏறிடுவே. நாங்க இங்கதான் கீணும்.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னை அதிகம் கலக்கியது.

சனிக்கிழமை தனியாகவே போனேன். முத்தாபுதுப்பேட்டையில் ஆட்டோக்காரர் விசாரித்து இறக்கிவிட்ட இடம், ஓடு போட்ட சின்ன வீடு. வாசலில் ஒரு முக்காலியில் ஒல்லியான முதியவர் உட்கார்ந்து, பம்ப் ஸ்டவ் ஒன்றின் துளையில் ஊசியை விட்டு அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் மண்ணெண்ணெய் வாசனை. கழுத்தில் ஜெபமாலை. என்னை ஏறிட்டுப் பார்த்து, “ஸ்டவ்வு எங்க?” என்றார்.

“ஸ்டவ் இல்லைங்க ஐயா. நான் ஈப்போலருந்து வர்றேன். நூம்பல் கோவிந்தசாமி மக.”

ஊசி நின்றது. விமானத்திலிருந்தே ஒத்திகை பார்த்து வந்த வாக்கியங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. பையிலிருந்து கூஜாவை எடுத்து அவர் முன்னால் தரையில் வைத்தேன். அவர் அதை உடனே தொடவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அப்புறம் மூடியை ஒரே திருகில் கழற்றினார். பழகிய கை.

“கோயிந்துவா எடுத்துனு போனான்?”

“ஆமாங்க. கப்பல்ல தண்ணிக்குன்னு எடுத்தாராம். திருப்பி அனுப்பணும்னுதான்…”

“அனுப்பல இல்ல?”

“இல்லைங்க.”

உள்ளேயிருந்து அவர் மகள் லூர்து வந்தாள். என் வயது இருக்கும். நின்றபடியே கேட்டிருக்கிறாள். “எங்கம்மா சாவுற வரிக்கும் அவங்களைத் திருடன் பொண்டாட்டின்னாங்க” என்றாள் என்னைப் பார்த்து. “கொழாயில தண்ணி புடிக்கப் போனாலும் அந்தப் பேச்சுதான். அந்தக் கண்ணாடிப் பொட்டிய ஒடைக்கணும்னு எத்தினி நாளு நெனச்சிருப்பேன் தெரியுமா? உங்கப்பாவுக்கு இப்பதான் ஞாபகம் வந்துச்சா?”

“லூர்து, உள்ள போ” என்றார் சூசை. அவள் போகவில்லை.

நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். “செய்யாததை ஏன் ஐயா ஒத்துக்கிட்டீங்க?”

அவர் ஸ்டவ்வைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “செய்யலன்னு ஆறு மாசம் சொன்னேன். பட்டினி. திருடன்னு பேரு வாங்குனவனுக்கு எவன் வேல குடுப்பான்? செஞ்சேன்னு ஒரு நாளு சொன்னேன். சோறு. அம்மாவோட கம்மல வித்து ஒரு கூஜா வாங்கினு போயி அவரு கால்ல வெச்சேன். அவரு அழுதாரும்மா. கெட்ட மனுசன் கெடையாது. அப்புறம் மேடைக்கு மேட அதைச் சொல்லுவாரு. பேரு சொல்ல மாட்டாரு. நான் பின்னாடி அதே கூஜாவ வெச்சிகினு நிப்பேன். எல்லாரும் என்னைத்தான் பாப்பாங்க.”

“அப்பா உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னார்…”

“என்கிட்ட இன்னாத்துக்கு சொல்றே?” முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. “நான் எடுக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே. நாளைக்குப் பூச முடிஞ்சி அங்க போவோம். அங்க வந்து சொல்லு.”

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா சொல்லச் சொன்னது சூசையிடம். ஊர் முன்னால் அல்ல. அப்பாவின் அனுமதி இல்லாமல் அவர் பெயரை அந்த வீட்டில் திருடன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? தொலைபேசியில் கேட்கலாம். ஆனால் கேட்டால் அந்த இதயம் தாங்குமா? குமார் அன்று என்னோடு பேசவில்லை. கலா மட்டும், “மோராவது குடிங்கக்கா” என்று தம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலை சூசை, லூர்து, நான் மூன்று பேரும் போனோம். சூசை பூசைக்கு உடுத்திய சலவை வேட்டி சட்டையில் இருந்தார். பஸ்ஸில் அவருக்கு இடம் கிடைத்தது. பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு பயணத்தில்தான் எனக்குப் பையைப் பற்றிய பயம் இல்லை. தலைவர் வீட்டு வாசலுக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். மியூசியம் ஆன பிறகு ஒரு தடவைகூட உள்ளே வந்ததில்லையாம். கிணற்றை எட்டிப் பார்த்தார். “ராட்டினத்த மாத்திட்டானுங்க” என்றார்.

உள்ளே அரக்கோணத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், ஏழெட்டுப் பேர், கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நின்றது. தயாளன் கதையின் நடுவில் இருந்தார். “…அப்பத் தலைவர் இன்னா சொன்னாரு தெரியுமா? ‘பொருளு போனா வரும், மனுசன் போனா வருவானா’ன்னாரு. திருடின சூசையக் கட்டிப் புடிச்சிகினாரு…”

“கட்டில்லாம் புடிக்கல” என்றார் சூசை.

எல்லோரும் திரும்பினார்கள்.

“சூசை நான்தான்.”

அரக்கோணத்துக் குடும்பத்தின் பெரியவர், என்ன செய்வதென்று தெரியாமல் சூசையைப் பார்த்துக் கும்பிட்டார். ஒரு பெண் தன் கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அவள் வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள். ஆனால் அதைச் சூசை பார்த்தார். லூர்து பார்த்தாள். நானும் பார்த்தேன். அதுவரை எனக்கிருந்த குழப்பம் அந்தக் கைப்பை தோள் மாறியதோடு தீர்ந்தது.

“இவர் திருடலைங்க” என்றேன். “எடுத்தது எங்கப்பா. பேரு கோவிந்தசாமி. இந்த ஊர்க்காரர்தான். இந்தாங்க, அந்தக் கூஜா.” பையிலிருந்து எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின்மேல் வைத்தேன். “எங்கப்பா உயிரோட இருக்கார். அவர்தான் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அனுப்பினார்.”

தயாளன் இரண்டு கூஜாக்களையும் மாறி மாறிப் பார்த்தார். “பத்து வருசமா இந்தக் கதையச் சொல்லிகினு கீறேம்மா” என்றார் மெதுவாக. கோபமா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வருகையாளர் பதிவேட்டை எடுத்துவந்து என் முன்னால் விரித்தார். “எழுதிக் குடுங்க. வாய்ல சொன்னா நாளைக்கு நிக்காது.”

எழுதினேன். அப்பாவின் முழுப்பெயர், அவர் தகப்பனார் பெயர், எந்த வருஷம் எடுத்தார், ஏன் எடுத்தார், அதற்காக யார் பழி சுமந்தது. அலுவலகத்தில் ஆயிரம் பேரின் நோயை எழுதி வைத்த கை, “என் தந்தை” என்ற இடத்தில் இரண்டு முறை நின்றது. கையெழுத்துப் போட்டேன். சூசைக்குப் படிக்க வராது. லூர்து உரக்கப் படித்தாள். முடித்ததும், “இன்னொரு தபா படி” என்றார். படித்தாள். அரக்கோணத்துக் குடும்பம் இரண்டு தடவையும் நின்று கேட்டது.

தயாளன் சாவியை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். அட்டையை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “எடுக்கறதுக்கு ஆர்டரு வேணும். பரவால்ல. மேல கேட்டா கரையான் அரிச்சிச்சின்னு சொல்லிக்கிறேன். உங்க கூஜாவுக்கு ஃபைல் போடணும், ரெண்டு மாசம் ஆவும்” என்று சொல்லி, வந்து சேர்ந்ததற்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தார். சூசையிடம் வந்து நின்றார். “டீ சாப்படறீங்களா?” என்றார். சூசை வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

வேலப்பன்சாவடிக்கு நடந்தோம். நெடுஞ்சாலையோரம் ஒரு ஐஎஸ்டி பூத். லாரிகள் போகும்போதெல்லாம் கண்ணாடி அதிர்ந்தது. நான் எண்ணை அழுத்தினேன். அப்பாவே எடுத்தார். தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

“கொடுத்துட்டேன்ப்பா. எல்லார் முன்னாடியும் சொன்னேன். எழுதியும் கொடுத்துட்டேன். உங்க பேரைப் போட்டு.”

“நல்லது” என்றார் அப்பா. “சூசை?”

“இங்கதான் நிக்கிறார்.”

சூசை ரிசீவரை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார். லூர்து நேராகத் திருப்பிக் கொடுத்தாள். “கோயிந்து” என்றார். அப்புறம் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. பிறகு நான் கேட்கவும் இல்லை. சூசையின் தாடை மட்டும் ஆடியது. திடீரென்று வெடித்தார்.

“கஸ்மாலம்! ஒரு கடுதாசி போட முடியாதாடா உனக்கு? ரெண்டு வருசம் எவனும் எனக்குப் பொண்ணு குடுக்கலடா! எங்கம்மா கம்மலு போச்சிடா! ஒரே தட்டுல துன்னமேடா பேமானி!” பூத்துக்காரர் எழுந்துவிட்டார். லூர்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் ரிசீவரைப் பிடுங்கிவிடலாமா என்று கையை நீட்டினேன். அப்பா செவ்வாய்க்கிழமை அறுவை மேசையில் படுக்கப் போகிறவர். அதற்குள் சூசையின் குரல் இறங்கிவிட்டது. “இன்னாடா ஆபரேசன்?… நெஞ்சுலியா?… எவ்ளோ நேரம் ஆவுமாம்?… ம்.”

ரிசீவரை என்னிடம் தந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அடுத்த ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி இங்க வந்து நிப்பேன். இந்தக் கட நம்பர அவனுக்குக் குடு. போன் பண்ணச் சொல்லு.”

“ஐயா, அவருக்குச் செவ்வாய்க்கிழமை…”

“தெரியும். சொன்னான். அதான் ஞாயித்துக்கெழமன்றேன். நான் இன்னும் திட்டி முடிக்கல.”

திங்கள்கிழமை குமார்தான் விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டான். வழியெல்லாம் பேசவில்லை. பெட்டியைக் கொடுக்கும்போது மட்டும், “பெரியப்பாவுக்கு நல்லபடியா முடிஞ்சா தந்தி குடுக்கா” என்றான்.

செவ்வாய்க்கிழமை ஆறு மணி நேரம் நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமை அப்பா கண் திறந்தார். குமாருக்குத் தந்தி கொடுத்தேன். வெள்ளிக்கிழமை கஞ்சி குடித்தார். ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும், தாதியிடம் கெஞ்சி அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, மாடிப்படிக்குப் பக்கத்திலிருந்த கார்டு தொலைபேசிவரை தள்ளிப் போனேன். வேலப்பன்சாவடியில் அப்போது காலை ஒன்பது மணி இருக்கும். எண்ணை அழுத்தி ரிசீவரை அவர் காதில் வைத்தேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

“இன்னாடா, இவ்ளோ லேட்டு?” என்ற குரல் எனக்கே கேட்டது.

அப்பா இரண்டு கைகளாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டார்.

“வந்துட்டேன் சூசை” என்றார்.